பாண் ஆட்டோ பாடுது, தராசு ஏன் பேசாது?

காலையில ஏழு மணிக்கு கட்டுகாஸ்தோட்டையோ, பேராதனையோ, கெலிஓயாவோ, கண்டியைச் சுற்றி எந்தக் குறுக்கு ரோட்டில் நின்றாலும் பீத்தோவனைக் கேட்கலாம். சூன் பாண் ஆட்டோ வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே 'ஃபூர் எலீஸ்' மெட்டு வந்துவிடும். பணிஸ் வேணுமென்றால் ஜன்னலால் எட்டிப் பார்க்கவே தேவையில்லை. காது இருந்தால் போதும். 1810 இல் எழுதின ஒரு பியானோ இசையை ஒரு சின்னச் சிப்பும் ஒரு ஒலிபெருக்கியும் தினமும் வீடு வீடாகக் கொண்டுவந்து தருது.

அதே பணிஸுக்கு மா நிறுக்கிற டிஜிட்டல் தராசு மட்டும் வாயைத் திறக்காது. நிறையை ஒரு சின்னத் திரையில் சாம்பல் எழுத்தில் காட்டும். பார்க்க முடிந்தால் பார், முடியாவிட்டால் உன் பாடு. இந்தக் கட்டுரை அந்தத் தராசைப் பற்றியது. "தராசுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்கிறவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் இருங்க. எனக்குச் சண்டையே உங்களோடதான்.

2020 லொக்டவுனுக்குப் பிறகு நம்ம ஊர்களில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவங்க எவ்வளவு கூடிட்டாங்க என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஒரு அக்காவாவது ஐசிங் படம் போட்டிருப்பாங்க. பெரிய முதல் தேவையில்லை, கடை வாடகை இல்லை, பஸ் ஏறத் தேவையில்லை. விழிப்புலனற்ற ஒரு பெண்ணுக்கு, அதுவும் மேடும் பள்ளமும் படிக்கட்டுமாக இருக்கிற இந்த மலைப்பக்கத்தில், இதைவிடப் பொருத்தமான தொழில் சொல்லுங்க பார்ப்போம்.

ஆனால் கேக் கறி மாதிரி இல்லை. கறியில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிக்கலாம். அவனுக்குள் போன கேக்கை என்ன செய்வீங்க? சாதாரண பட்டர் கேக்குக்கு 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் மா என்று எழுதியிருக்கும். கடையில் வாங்குகிற பட்டர் பக்கற் பல நேரம் 227 கிராம்தான், பழைய அரை இறாத்தல் கணக்கு. மிச்ச 23 கிராமை யார் அளப்பது? கோப்பையால் அளந்தால் போதும் என்று சொல்வாங்க. ஒரு கோப்பை கோதுமை மாவை எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து அது 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். நாலு கோப்பை போடுகிற கேக்கில் அந்த வித்தியாசம் 120 கிராம், அதாவது முழுசா ஒரு கோப்பை மா. லவ் கேக் போடுகிறவங்க ரவை, கஜு, புஹுல் தோசி எல்லாத்தையும் எவ்வளவு கவனமா நிறுத்து எடுப்பாங்க என்று நத்தார் நேரத்தில் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

இன்னொன்று, நம்ம ஊரில் கேக்கை விற்பதே கிலோ கணக்கில்தான். "ஒரு கிலோ பட்டர் கேக், ஐசிங் வேண்டாம்" என்றுதான் ஓடர் வரும். நிறை தெரியாமல் விலை சொல்ல முடியாது. ஆகவே தராசு இல்லாத இடத்தில் தொழிலும் இல்லை.

எங்க பீடத்தில் படிக்கிற என் தோழி ஒருத்திக்கு முற்றாகப் பார்வை இல்லை. பாடக் குறிப்பெல்லாம் போனில் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கக் கேட்கிறாள், அசைன்மென்ட்டை அவளே டைப் பண்றாள். லீவுக்கு வீட்டுக்குப் போனால் கேக் போடுவாள், தெரிந்தவங்க ஓடரும் கொடுப்பாங்க. அவன் சுவிட்சில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து எந்த இடத்தில் 180 என்று விரலால் கண்டுபிடிப்பாள். கேக் வெந்ததை வாசனையாலும், மேலே விரல் வைத்தால் எழும்புகிற விதத்தாலும் சொல்லுவாள். முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் என்னைவிட நல்லாப் பிரிப்பாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தம்பியைக் கூப்பிடுவாள்: "டேய், எத்தனைன்னு பாரு." தம்பி டியூஷனுக்குப் போயிருந்தால் மா பாத்திரத்திலேயே இருக்கும், அவளும் காத்துக்கொண்டு இருப்பாள்.

அவளோட கண்டி டவுனில் தராசு தேடிப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினோம். எல்லாம் ஒரே மாதிரி: மேலே வழவழப்பான கண்ணாடி, பட்டன் என்று தொட்டுக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. நிறையைப் பூச்சியமாக்கும் இடமும், கிராமை அவுன்ஸாக மாற்றும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கு. எதைத் தொட்டாலும் ஒரே 'பீப்'. பூச்சியமாகிச்சா, அவுன்ஸுக்குப் போச்சா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே அணைஞ்சு போகும், அதையும் சொல்லாமல். பேசுகிற தராசு இருக்கா என்று கேட்டோம். ஒரு கடையில் வயசான முதலாளி, கெட்ட மனுஷன் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "ஏன் மகள், வீட்டுல பாத்துச் சொல்ல யாரும் இல்லையா?"

இந்தக் கேள்விதான் பிரச்சினை முழுவதும். அவர் ஒருத்தர் கேட்கலை, நாம எல்லாரும் கேட்கிறோம். வீட்டில் யாராவது இருப்பாங்கதான். அந்த யாராவதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், வேலை இருக்கும், சலிப்பும் இருக்கும். நீங்க ஒரு தொழில் தொடங்குறீங்க, ஒவ்வொரு கரண்டி மாவுக்கும் இன்னொருத்தர் தயவு வேணும் என்றால் அதை எத்தனை நாள் செய்வீங்க? பார்வை உள்ள எந்த பேக்கரிக்காரரிடமும் "நிறையைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கா?" என்று நாம கேட்டதில்லை.

அடுத்த பதில் இன்னும் இனிப்பா இருக்கும். "அவங்களுக்குத் தொடுஉணர்வு அதிகம். கையில எடுத்தாலே அளவு தெரிஞ்சிடும்." கைப்பக்குவம் என்ற சொல் நமக்குப் பெருமைதான், எங்க பாட்டிமார் யாரும் தராசு வைத்துச் சமைக்கலை. ஆனால் பாட்டி தினமும் அதே சோறு, அதே பருப்பு, அதே பானையில் செய்தாங்க. இன்று பட்டர் கேக், நாளைக்கு ரிப்பன் கேக், அடுத்த நாள் பாதி அளவில் பிறந்தநாள் கேக் என்று செய்கிறவருக்குக் கைப்பக்குவம் மட்டும் எப்படிக் காணும்? பார்வை இல்லாதவருக்குக் கையில் தராசு முளைக்காது. பழகியதால் வந்த திறமையை அதிசயம் என்று புகழ்ந்துவிட்டு, அந்தப் புகழ்ச்சியையே காரணமாகக் காட்டி உபகரணத்தைக் கொடுக்காமல் விடுகிறோம்.

2012 இல் அமெரிக்காவின் மாஸ்டர்செஃப் போட்டியில் பார்வை இழந்த கிறிஸ்டீன் ஹா வென்ற கதையும் இப்படித்தான் சுற்றி வருது. "கண் இல்லாமலே ஜெயிச்சாங்க, உனக்கு என்ன குறை?" என்று மேடையில் பேசுகிறவங்க ஒன்றை விட்டுவிடுவாங்க. சமையலறையில் அவருக்குத் தேவையான தகவலைச் சொல்ல ஒரு உதவியாளர் பக்கத்தில் இருந்தார். தகவலை அவர் சொன்னார், சமைத்தது கிறிஸ்டீன். அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டியது இதைத்தான்: தகவல் கைக்கு வந்தால் திறமை தானாக வெளியே வரும்.

மூன்றாவது பதில், "போன் இருக்குதானே." இருக்கு. 2015 இல் டென்மார்க்கில் தொடங்கின 'பி மை ஐஸ்' செயலியில் வீடியோ கோல் எடுத்தால் எங்கேயோ இருக்கிற ஒரு தொண்டர் பார்த்துச் சொல்லுவார். நல்ல விஷயம். ஆனால் கை முழுக்க மாவோடு, ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி, டேட்டா ஓடிக்கொண்டிருக்க, திரையில் லைட் பட்டுக் கண்ணாடி மின்ன, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அந்நியரைக் கூப்பிடணுமா? எழுத்தை வாசிக்கிற செயலிகளும் புத்தக எழுத்தை வாசிக்கிற மாதிரி தராசின் கட்டை எண்களை வாசிக்காது, அடிக்கடி தடுமாறும்.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது எதில் தெரியுமா? முன்பு இது இப்படி இருக்கவில்லை. இரண்டு தட்டுத் தராசை நினைத்துப் பாருங்க. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சீனி. நடுமுள்ளை விரலால் தொட்டால் சமமா இல்லையா தெரியும். 500 கிராம் சீனிப் பக்கற்றை ஒரு பக்கம் வைத்தாலே அரைக் கிலோ மாவை நிறுக்கலாம், கண்ணே தேவையில்லை. நீதிதேவதைக்குக் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் தராசைக் கொடுத்தது அதனால்தான் பொருந்திப் போகுது. அவள் கையில் இன்றைக்குக் கடையில் விற்கிற தராசைக் கொடுத்துப் பாருங்க, நீதி அன்றோடு முடிந்தது. தொழில்நுட்பம் முன்னேறும்போது ஒரு கூட்டத்தை வெளியே தள்ளிவிட்டு முன்னேறியிருக்கு. இதை 'வசதி இன்னும் வரலை' என்று சொல்வது பொய். இருந்ததை எடுத்துவிட்டார்கள்.

"பேச வைப்பது கஷ்டம், விலை கூடும்" என்பது நாலாவது பதில். தராசுக்குள் என்ன நடக்குது என்று பார்ப்போம். தட்டுக்குக் கீழே ஒரு உலோகத் துண்டு, லோட் செல் என்பாங்க. பாரம் ஏறினதும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கிற மெல்லிய பட்டையின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறும். ஒரு சிப் அதை எண்ணாக்கும். மாணவர்கள் புரொஜெக்ட்டுக்கு வாங்குகிற எச்எக்ஸ்711 இந்த வேலைக்கென்றே செய்த மலிவான சிப். இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் பிறக்கும்போது அதற்கு உருவமும் இல்லை, ஓசையும் இல்லை. திரைக்கு அனுப்புவதா, ஒலிபெருக்கிக்கு அனுப்புவதா, இரண்டுக்குமா என்பது யாரோ ஒருத்தர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. பார்வையற்றவர் அந்த முடிவில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, தமிழில் பேச வைக்க எவ்வளவு வேலை? நான் கலைப்பீடம், கணக்கு எனக்கு ஆகாது, ஆனாலும் எண்ணிப் பார்த்தேன். 5 கிலோ வரை நிறுக்கிற ஒரு தராசை எடுங்க. பூச்சியத்திலிருந்து பத்தொன்பது வரை 20 சொல். இருபது முதல் தொண்ணூறு வரை 8, அதற்கே 'இருபத்தி', 'முப்பத்தி' என்று பின்னால் எண் ஒட்டுகிற வடிவம் இன்னொரு 8. நூறு முதல் தொள்ளாயிரம் வரை 9, 'நூற்றி', 'இருநூற்றி' என்று இன்னொரு 9. ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை 5, 'ஆயிரத்தி' முதல் 'நாலாயிரத்தி' வரை 4. பாத்திரத்தைத் தூக்கினால் சொல்ல ஒரு 'குறை', கடைசியில் ஒரு 'கிராம்'. மொத்தம் 65 ஒலித்துண்டு. அந்த பட்டர் பக்கற்றை வைத்தால் 'இருநூற்றி', 'இருபத்தி', 'ஏழு', 'கிராம்' என்று நாலு துண்டு ஒன்றுக்குப் பின் ஒன்று ஓடணும், அவ்வளவுதான். சிங்களத்துக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல். ஒரு பின்னேரத்தில் பதிவு செய்து முடிக்கலாம். பீத்தோவனையே பாடுகிற நாட்டில் 65 சொல்லுக்கு வழியில்லையா?

பேசுகிற தராசு உலகத்தில் இல்லாத பொருளும் இல்லை. பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனமான ஆர்.என்.ஐ.பி. விற்கிற பொருட்களில் பேசும் சமையல் தராசும் ஒன்று. ஆனால் அது சாதாரண தராசைவிடப் பல மடங்கு விலை, பேசுவது ஆங்கிலம், இங்கே எடுப்பித்தால் தபால் செலவும் வரியும் மேலே. 'விசேட உபகரணம்' என்று தனியே பிரித்ததும் விலை ஏறிவிடும். எல்லாத் தராசிலும் ஒரு பேச்சு சுவிட்ச் இருந்தால் அந்த விலை நூறு பேர் தலையில் ஏறாமல் இலட்சம் பேருக்குப் பகிரப்படும். இலட்சம் பேருக்கு எங்கே போவது என்கிறீங்களா? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் பார்ப்பதில் சிரமம் இருக்கு என்று சொன்னவங்க கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர். எல்லாரும் முற்றாகப் பார்வை இழந்தவங்க இல்லை, ஆனால் அந்தச் சாம்பல் எண்களை வாசிக்க அவங்களில் எத்தனை பேரால் முடியும்? மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற உங்க அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்க.

சட்டம் என்ன சொல்லுது? இயலாமையுடையவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலை, கல்வி, பொதுக் கட்டடம் இவற்றில் பாகுபாடு கூடாது என்றது. 2006 இல் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடி கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா போராடிய வழக்கில் 2011 இல் உயர் நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்தப் போராட்டத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சட்டம் வாசல் படி வரைக்கும்தான் வந்திருக்கு, அடுப்படிக்குள் இன்னும் வரலை. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயம் அடுப்படிக்கும் வருது. எல்லாரும் பயன்படுத்தக்கூடிய பொருட்களையும் உபகரணங்களையும் உருவாக்க அரசு ஆய்வு செய்யணும், ஊக்குவிக்கணும் என்று அதன் 4 ஆம் உறுப்புரை சொல்லுது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43 ஆம் பிரிவு நேரடியாகவே நுகர்பொருட்களைப் பற்றிப் பேசுது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த அணுகல் சட்டம் போன், கணினி, ஏ.டி.எம். எல்லாத்தையும் சேர்த்தது, வீட்டு உபகரணங்களை விட்டுவிட்டது. அங்கேயும் அடுப்படிக்கு வெளியேதான் நிற்கிறாங்க. சமையலறை பெண்களின் இடம், அங்கே நடப்பது தொழில் இல்லை என்ற பழைய நினைப்புக்கும் இதில் பங்கு இருக்கு என்றுதான் எனக்குப் படுது.

கட்டளை போட்டால் இயந்திரம் பேசும் என்பதற்கும் சாட்சி இருக்கு. 2014 ஜூலை முதல் பொருத்துகிற புதிய ஏ.டி.எம். எல்லாம் பேசணும், பிரெயில் பட்டன் இருக்கணும் என்று இந்திய ரிசர்வ் வங்கி சொன்னது. நம்ம மத்திய வங்கியே 2011 இல் வெளியிட்ட நோட்டுகளில் தொட்டு உணரப் புள்ளிகள் வைத்தது. காசை விரலால் அறியலாம், அந்தக் காசு கொடுத்து வாங்குகிற தராசை அறிய முடியாது. கடைத் தராசு சரியாக நிறுக்குதா என்று பார்த்து முத்திரை குத்த அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கு. அந்த நிறை வாங்குகிறவருக்குத் தெரிய வருதா என்று கேட்க ஒருத்தரும் இல்லை.

என் தோழியிடம் என்ன வேணும் என்று கேட்டேன், கடகடவென்று சொன்னாள். விரலுக்குத் தட்டுப்படுகிற இரண்டே பட்டன், ஒன்று வட்டம், ஒன்று சதுரம். அலகு மாற்றுகிற சுவிட்ச் அடியில் இருக்கணும், தவறிக் கை படக் கூடாது. பூச்சியமானதும் "பூச்சியம்" என்று சொல்லணும். கேட்டால் மட்டும் பேசணும், சும்மா கத்தக் கூடாது. அணையும் முன் சொல்லிவிட்டு அணையணும். கொஞ்சம் பார்வை உள்ளவங்களுக்குக் கறுப்பில் வெள்ளையாகப் பெரிய எண். "தமிழ்ல பேசணும், இங்கிலீஷ் நியூஸ் வாசிக்கிற மாதிரி வேணாம்" என்று கடைசியில் சேர்த்தாள். இதில் எது ஆடம்பரம்?

ஆகவே கேட்க வேண்டியவங்களிடம் கேட்போம். இறக்குமதி செய்கிறவங்களே, பத்து மாதிரி தராசு கொண்டுவாறீங்க, பதினோராவதாகப் பேசுகிற ஒன்றைக் கொண்டுவாங்க. அதுவரைக்கும் கண்ணாடிப் பலகையை விட்டுவிட்டு அழுத்துகிற பட்டன் உள்ளதையாவது விற்பனைக்கு வையுங்க. அரசே, வெள்ளைப் பிரம்போடும் சக்கர நாற்காலியோடும் உதவி உபகரணம் முடிந்துவிடுவதில்லை. உழைக்க உதவுகிற கருவியும் அந்தக் கணக்கில் வரணும், வரியையும் அதற்கேற்பக் குறைக்கணும்.

நம்ம கெம்பஸுக்கும் சொல்ல இருக்கு. பேராதனையில் அக்பார் பாலத்தைக் கடந்தால் பொறியியல் பீடம். அந்தப் பக்கம் லோட் செல்லும் சிப்பும் தெரிந்தவங்க இருக்காங்க. இந்தப் பக்கம் 65 சொல்லைப் பதிவு செய்யத் தமிழும் சிங்களமும் படிக்கிறவங்க இருக்காங்க, எது சரியான பட்டன் என்று சொல்ல விழிப்புலனற்ற மாணவர்களும் இருக்காங்க. நடுவில் ஓடுவது மகாவலி மட்டும்தான். கடைசி வருடப் புரொஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிற நண்பர்களே, இதோ ஒன்று. ஒரே நிபந்தனை, செய்து முடித்துவிட்டுக் காட்டாதீங்க, முதல் நாளே அவங்களை மேசைக்குக் கூப்பிடுங்க.

ஒக்டோபர் 15 வந்தால் வெள்ளைப் பிரம்பு தினம். கழகங்களும் சங்கங்களும் விழா வைக்கும், பேச்சு நடக்கும், உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுப்பாங்க. பொதிக்குள் பெரும்பாலும் ஒரு கிலோ கோதுமை மாவும் இருக்கும். இந்த வருடம் அந்த விழாவுக்குக் காசு சேர்க்க உங்களிடம் வருவாங்க. காசு கொடுக்கும்போது ஒரு கேள்வியும் சேர்த்துக் கொடுங்க: "மா சரி, நிறுக்கத் தராசு எங்கே?"